வாட்ச்மேன் இல்லாத ஆத்தங்கரை

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. மார்ச் மாச ஆணி, அதுக்கப்புறம் ஆடிட் ஆணின்னு பிடுங்கிக்கிட்டே இருந்ததுல பதிவு எழுத நேரம் அமையல. நடுவுல, வடகிழக்குக்கு மாத்தலாகி வந்திருக்கற நம்ம ஆளுங்க ரெண்டு மூணு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தாங்க: "சார், தேஜ்பூர் பக்கம் குடும்பத்தோட ஆத்தங்கரையில டென்ட் போட்டுத் தங்கலாமாமே? காசே வாங்க மாட்டாங்களாமே?"

தங்கலாம். காசு வாங்க மாட்டாங்க. வாங்கறதுக்கு அங்க யாரும் இல்லங்கறதுதான் காரணம். ஆள் இல்லாத இடத்துல வேற என்னெல்லாம் இருக்காதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போனா, அதைவிட நல்ல இடம் கிடையாது. அதனால ஒரு வரியில பதில் சொல்லாம முழுப் பதிவாவே எழுதிடறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல ஆறு. பேரு ஜியா பரோலி. மேல அருணாச்சலப் பிரதேசத்துல இதையே காமெங்னு சொல்றாங்க. பனிமலையில பொறந்து, பாலுக்போங்ங்கற எல்லை ஊர்கிட்ட மலையை விட்டு இறங்கி அசாமுக்குள்ள வருது. அப்புறம் தேஜ்பூர் பக்கத்துல பிரம்மபுத்திராவுல கலக்குது. அசாமிய மொழியில 'ஜியா'ன்னா உயிருள்ளதுன்னு அர்த்தம். ஒரு தடவை கரையில நின்னு பார்த்தீங்கன்னா அந்தப் பேரு ஏன்னு புரியும். நம்ம ஊர் ஆறு மாதிரி நடந்து போகாது, ஓடும். தண்ணி பச்சைக் கண்ணாடி மாதிரி இருக்கும். அடியில கிடக்கற கூழாங்கல்லை எண்ணலாம்.

தேஜ்பூர்ல இருந்து பாலுக்போங் சுமார் 60 கி.மீ. பாலிபாரா, சாரிதுவார் தாண்டி, தேயிலைத் தோட்டங்களை ஒட்டியே ரோடு போகும். மழைக்காலத்துல இந்த ஆறு கரை தெரியாம ஓடும். நவம்பருக்கு மேல தண்ணி சுருங்கி, ரெண்டு பக்கமும் பெரிய பெரிய மணல் திட்டும் கூழாங்கல் பரப்பும் வெளிய வரும். அதுதான் நம்ம கேம்ப் கிரவுண்டு. கேட் கிடையாது, டிக்கெட் கிடையாது. குழாய், கக்கூஸ், லைட்டு, அறிவிப்புப் பலகை, எதுவும் கிடையாது. நாங்க தங்கின திட்டு எதுன்னு மட்டும் சொல்லப் போறதில்ல. ஏன்னு கடைசியில உங்களுக்கே புரியும்.

நான் காவிரிக்கரை ஊர்க்காரன். ஆடிப்பெருக்குக்குக் கட்டுச்சோறு கட்டிக்கிட்டு ஆத்துக்குப் போவோம். எலுமிச்சை சாதம், புளியோதரை, தேங்காய் சாதம், தயிர் சாதம் எல்லாத்தையும் சாப்பிட்டு முடிச்சு, பொழுது சாயறதுக்குள்ள வீடு திரும்பிடணும். இருட்டினப்புறம் ஆத்தங்கரையில இருந்தா பாட்டிகிட்ட உதைதான். இங்க கதை வேற. ஜனவரியில நாம போகி கொண்டாடற சமயத்துல இவங்களுக்கு உருகா ராத்திரி. வயல்லயும் ஆத்தங்கரையிலயும் வைக்கோலும் மூங்கிலும் வெச்சு 'பேலாகர்'னு ஒரு குடிசை கட்டுவாங்க. ராத்திரி அங்கயே சமைச்சுச் சாப்பிட்டுத் தங்கிட்டு, விடிஞ்சதும் கொளுத்திடுவாங்க. வெட்டவெளியில ஒரு ராத்திரிங்கறது இவங்களுக்குப் பண்டிகை, நமக்குப் பயம். தங்கமணியைச் சம்மதிக்க வைக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு :-)

தங்கமணி கேட்டது ரெண்டே கேள்வி. "தண்ணி வந்தா என்ன பண்ணுவீங்க? பொண்ணு ராத்திரி பாத்ரூம் போகணும்னா என்ன பண்ணுவீங்க?" இணையத்துல எத்தனையோ கேம்பிங் கட்டுரை படிச்சிருக்கேன். ஸ்லீப்பிங் பேக் பத்தி ரெண்டு பக்கம் எழுதறவங்ககூட இந்த ரெண்டுக்கும் நேராப் பதில் சொல்றதில்ல. அதனால அதையே முதல்ல எழுதறேன்.

தண்ணி விஷயம் விளையாட்டு இல்ல. 2014 ஜூன் 8-ம் தேதி, ஹைதராபாத்தில இருந்து சுற்றுலா வந்த இன்ஜினியரிங் மாணவர்கள் இமாச்சலத்துல தலோட் பக்கம் பியாஸ் ஆத்துப் பாறைமேல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க. மேல லார்ஜி அணையில இருந்து தண்ணி திறந்து விட்டாங்க. 24 மாணவர்கள் போயிட்டாங்க. அன்னிக்கு அங்க மழை கிழை எதுவும் இல்ல. மலையாறு எல்லாத்துக்கும் இது பொருந்தும். நீங்க நிக்கற இடத்துல வானம் தெளிவா இருக்கும். மேல நூறு கிலோமீட்டர் தள்ளி மழை கொட்டியிருக்கும், இல்லைன்னா எங்கயாவது மண் சரிஞ்சிருக்கும். 2021 அக்டோபர் கடைசியில செப்பா ஊர்கிட்ட இதே காமெங் ஆறு திடீர்னு கறுப்பாகி, ஆயிரக்கணக்குல மீன் செத்து மிதந்துச்சு. மேல மலை சரிஞ்சு வந்த மண்ணும் கல்லும்தான் காரணம்னு சொன்னாங்க. இது போக, இந்த ஆத்துப் படுகையில 600 மெகாவாட் நீர்மின் திட்டமும் ஓடுது. நம்ம கண்ணு முன்னாடி தெரியறது ஆத்தோட வால்தான். தலை எங்கயோ மலைக்குள்ள இருக்கு.

நாங்க போனது 2025 பிப்ரவரி 8, ரெண்டாவது சனிக்கிழமை. (பேங்க்காரனுக்குப் பஞ்சாங்கமே ரெண்டாவது, நாலாவது சனிதானே.) பௌர்ணமிக்கு நாலு நாள் முன்னாடி, அதனால நிலா வெளிச்சம் உறுதி. எங்க கிளையில வேலை பார்க்கற அசாமிய நண்பர் ஒருத்தர், அந்தத் திட்டுக்குப் பக்கத்துக் கிராமத்துக் காவ்ன்பூராகிட்ட, அதாவது ஊர்த்தலைவர்கிட்ட, முன்னாடியே சொல்லி வெச்சிருந்தார். இதை யாரும் விட்டுடாதீங்க. காசு கேட்க ஆள் இல்லைன்னாலும், கேட்டுட்டுப் போறதுக்கு ஒருத்தர் எப்பவும் இருப்பார்.

போய் இறங்கினப்ப மத்தியானம் ரெண்டு மணி. மணலைப் பார்த்ததும் பையன் நேரா தண்ணியை நோக்கி ஓடினான். பொண்ணு மூக்கைப் பிடிச்சுக்கிட்டா. டிசம்பர், ஜனவரி பிக்னிக் சீசன் முடிஞ்ச சுவடு அப்படியே கிடந்துச்சு. தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் கப், சிப்ஸ் பாக்கெட்டு, கோழி இறகு, உடைஞ்ச பீர் பாட்டில். ஒரு தடவை உபயோகிச்சுத் தூக்கிப் போடற பிளாஸ்டிக் தட்டு, கப், ஸ்பூனுக்கு நாடு முழுக்க 2022 ஜூலை 1-லயே தடை வந்தாச்சு. மணல்ல வந்து பார்த்தா அப்படி ஒரு தடை இருக்கறதே தெரியாது.

கொஞ்ச நேரத்துல தோள்ல வலையோட ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயசு இருக்கும். இங்க தாத்தாவைக் 'கொகா'ன்னு கூப்பிடுவாங்க, பசங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பிச்சாங்க. என்னோட அரைகுறை அசாமியமும் அவரோட அரைகுறை இந்தியும் சேர்ந்து ஒரு முழு பாஷை ஆச்சு. நான் டென்ட்டைப் பிரிக்கப் போனப்ப கையைப் பிடிச்சுத் தடுத்து, கரையில ஒரு இடத்தைக் காமிச்சார். காஞ்ச குச்சி, சருகு, ஒரு பழைய செருப்பு, எல்லாம் ஒரே கோட்டுல ஒதுங்கிக் கிடந்துச்சு. "இது வரைக்கும் ஆறு வந்துட்டுப் போயிருக்கு. இதுக்குக் கீழ இருக்கறது ஆத்தோட வீடு. மேல இருக்கறது உன்னோடது" அப்படின்னார். கோட்டுக்கு மேல, புல் முளைச்ச மேட்டுல டென்ட் போட்டோம். வண்டியை ரோடு பார்த்துத் திருப்பி நிறுத்தச் சொன்னார்.

அப்புறம் மூணு குச்சியை வெட்டித் தோல் சீவி வெள்ளையாக்கினார். முதல் குச்சியைத் தண்ணி விளிம்புல நட்டார். கரை மேட்டுப் பக்கமா, ஒவ்வொண்ணும் ஒரு சாண் உசரம் கூடற மாதிரி மத்த ரெண்டையும் நட்டார். "முதல் குச்சி முழுகினா பார்த்துக்கோ. ரெண்டாவது நனைஞ்சா எல்லாரையும் எழுப்பு. மூணாவது நனையற வரைக்கும் நிக்காதே." இதைவிடச் சுருக்கமான ரிஸ்க் மேனேஜ்மென்ட் சர்க்குலரை என் சர்வீஸ்ல நான் படிச்சதில்ல. இன்னொண்ணும் சொல்லிக் கொடுத்தார். தண்ணி கலங்கினாலோ, இலையும் குப்பையும் மிதந்து வந்தாலோ, அடியில கல் உருள்ற சத்தம் கூடினாலோ, குச்சியைப் பார்க்கவே வேண்டாம், மேல ஏறிடணும்.

யானை பத்தியும் சொன்னார். ஆத்துக்கு அந்தப் பக்கம் நமேரி தேசியப் பூங்கா, சுமார் 200 சதுர கி.மீ. காடு. அந்தக் கரைக்குப் போகக்கூடாது, அது வனத்துறை இடம். நாம போகலைன்னாலும் அது இந்தப் பக்கம் வரும். அரிசி, உப்பு, சாராயம் மூணும் யானைக்கு மோப்பம் பிடிக்கும், டென்ட்டுக்குள்ள வைக்காதேன்னார். சாப்பாட்டு மூட்டை முழுக்க வண்டிக்குள்ள போச்சு.

இப்போ தங்கமணியோட ரெண்டாவது கேள்வி. தண்ணியில இருந்து குறைஞ்சது 60 மீட்டர் தள்ளி, புதர் ஓரமா, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி. பக்கத்துலயே மண் குவியல், அதுல ஒரு சின்னக் கரண்டி. போயிட்டு வந்ததும் மண்ணைப் போட்டு மூடணும். நாலு மூங்கிலைச் சுத்திப் பழைய சேலை ரெண்டைக் கட்டி மறைப்பு. உள்ள தொங்கற மாதிரி ஒரு சார்ஜ் லைட்டு. உபயோகிச்ச நாப்கினைப் புதைக்கக் கூடாது, பேப்பர்ல சுத்தித் தனிப் பையில போட்டு வீட்டுக்கே எடுத்துட்டு வரணும். எழுதக் கூச்சமா இருந்தாலும் எழுதறேன், ஏன்னா பெண்கள் இந்த மாதிரி இடத்துக்கு வர யோசிக்கறது பாம்புக்கும் யானைக்கும் பயந்து இல்ல, இதுக்குத்தான். பல வீடுகள்ல பொண்ணுங்க சாயங்காலத்துல இருந்தே தண்ணி குடிக்கறதை நிறுத்திடுவாங்க. எங்க வீட்டுல அன்னிக்கு யாரும் நிறுத்தல. அந்தச் சேலை மறைப்பு ஸ்லீப்பிங் பேக்கைவிட முக்கியமான சாமான்.

சாயங்காலம் ஆகறதுக்குள்ள ஒரு அதிசயம். கூழாங்கல்லுக்கு நடுவுல ஒரு கல்லு நகர்ந்துச்சு. பைனாகுலர்ல பார்த்தா சாம்பல் நிறப் பறவை. கீழ்நோக்கி வளைஞ்ச சிவப்பு அலகு. ஐபிஸ்பில்னு பேரு. கோடையில இமயமலை உசரத்துல இருந்துட்டு, குளிருக்குக் கீழ இந்த மாதிரி கல் நிறைஞ்ச ஆறுகளுக்கு வரும். "அதுவும் நம்மள மாதிரி டிரான்ஸ்பர்ல வந்திருக்கா அப்பா?"ன்னு பொண்ணு கேட்டா. ஆமாம்மா, ஆனா அதுக்கு வருஷா வருஷம் சொந்த ஊருக்கு ஆர்டர் வந்துடுதுன்னேன்.

இருட்டற நேரத்துல ரெண்டு காரு வந்துச்சு. ஆறு பசங்க, காலேஜ் முடிச்சு வேலைக்குச் சேர்ந்த வயசு. பெரிய ஸ்பீக்கர். கரைக்கும் நடு ஆத்துக்கும் இடையில இருந்த தாழ்வான மணல் திட்டுல, தண்ணிக்கு நாலடி தள்ளி டென்ட் அடிச்சாங்க. அந்தத் திட்டுக்கும் கரைக்கும் நடுவுல ஒரு சின்ன ஓடை, கணுக்கால் அளவு. கொகா வீட்டுக்குக் கிளம்பும்போது அவங்ககிட்டயும் போய்ச் சொன்னார். சிரிச்சாங்க. நானும் போய்ச் சொன்னேன். "அங்கிள், எங்க எல்லாருக்கும் நீச்சல் தெரியும்"னாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க. ஒரு பிளேட்ல சிக்கன்கூட நீட்டினாங்க.

ஒன்பதரை மணிக்குப் பையன் ஓடி வந்து, "அப்பா, முதல் குச்சியைக் காணோம்"னான். டார்ச் அடிச்சுப் பார்த்தேன். முனை மட்டும் தெரிஞ்சுது. தண்ணி கலங்கல, சத்தமும் கூடல, சத்தமே இல்லாம ஒரு சாண் ஏறியிருக்கு. வானத்துல அத்தனை நட்சத்திரம்.

மறுபடி போய் அறிவுரை சொன்னா எடுபடாதுன்னு தெரிஞ்சுது. அந்த ஆறு பேர்ல ஒருத்தனை மட்டும், "ஒரு நிமிஷம் வந்து இதைப் பாரு தம்பி"ன்னு கூப்பிட்டேன். ஓடையைத் தாண்டி வந்தவன் தன்னோட பேண்டைக் குனிஞ்சு பார்த்தான். முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருந்துச்சு. வரும்போது கணுக்கால் அளவுதானே இருந்துச்சுன்னான். குச்சியைக் காமிச்சேன். கொகா சொன்ன கணக்கைச் சொன்னேன். அவன் பதில் பேசல. திரும்பி ஓடினான். கால் மணி நேரத்துல பாட்டு நின்னுச்சு. ஆறு பேரும் டென்ட்டை மடிச்சு, ஸ்பீக்கரைத் தலையில வெச்சுக்கிட்டு, ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு ஓடையைக் கடந்து மேட்டுக்கு வந்தாங்க. கடைசியா வந்தவனுக்குத் தொடை வரைக்கும் தண்ணி.

அதுக்கப்புறம் தூக்கம் ஏது? அந்தப் பசங்களும் நானும் முறை வெச்சுக் குச்சியைப் பார்த்தோம். ஒரு மணிக்கு ரெண்டாவது குச்சியோட அடி நனைஞ்சுது. சொன்னபடி தங்கமணியையும் பிள்ளைகளையும் எழுப்பி வண்டியில உட்கார வெச்சேன். தங்கமணி ஒரு வார்த்தை சொல்லல. பிளாஸ்க்குல இருந்து காபி ஊத்தி, முதல்ல அந்தப் பசங்களுக்குத்தான் கொடுத்தா. மூணு மணிக்கு மேல தண்ணி நின்னு, மெல்ல இறங்க ஆரம்பிச்சுது. மூணாவது குச்சி கடைசி வரைக்கும் காஞ்சே இருந்துச்சு.

விடிஞ்சு பார்த்தோம். அந்த மணல் திட்டு பாதியாச் சுருங்கியிருந்துச்சு. அவங்க நெருப்பு மூட்டின இடம் இல்ல. டென்ட் இருந்த இடம் அலை அலையா ஈர மணல். ஆறு பேரும் வரிசையா நின்னு அதையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தன் அங்கேயே போனை எடுத்து, "அம்மா, நல்லா இருக்கேன், சும்மாதான் பண்ணினேன்"னு பேசினான்.

ஆறு மணிக்குக் கொகா வந்தார். முதல்ல மூணு குச்சியையும் பார்த்தார், அப்புறம் எங்களை எண்ணினார், அப்புறம் பசங்களை எண்ணினார். கணக்கு சரியா இருந்ததும் தோள்ல இருந்த மூங்கில் கூடையை இறக்கி, மணல்ல கிடந்த கண்ணாடிச் சில்லைப் பொறுக்க ஆரம்பிச்சார். தினமும் செய்வாராம். யார் சொல்லிச் செய்யறீங்கன்னு கேட்டேன். கேள்வியே அவருக்குப் புரியல. "மாடு மிதிக்கும். நானும் வெறுங்கால்தானே"ன்னார்.

பராமரிப்பு இல்லாத இடம்னு நான் நெனைச்சிருந்த இடத்துக்குப் பராமரிப்பு இருந்துச்சு. பேரேட்டுல வராத ஆள், அவ்வளவுதான். வரவு, செலவு ரெண்டையும் பார்க்கறவனுக்கு இது உறுத்துச்சு. அந்த மணலுக்கு நாம கொடுக்காத வாடகையை, கண்ணாடி பொறுக்கற ஒரு கிழவர் தினமும் கொடுத்துக்கிட்டு இருக்கார். நூறு ரூபாயோ ஐநூறு ரூபாயோ கொடுத்தா சரியாயிடுமான்னா, வாங்க மாட்டேன்னுட்டார். தங்கமணி கட்டிக் கொண்டு வந்த புளியோதரையை மட்டும் வாங்கிக்கிட்டார். ஒரு வாய் சாப்பிட்டுட்டு, "தெங்கா!"ன்னு முகம் மலர்ந்தார். தெங்கான்னா புளிப்பு. புளிப்பு மீன் குழம்பை உசுரா நெனைக்கற ஊரு இது.

பசங்க ரெண்டு பேர் அவர் கையில இருந்த கூடையை வாங்கிக்கிட்டாங்க. மத்தவங்களும் சேர்ந்தோம். ஒன்றரை மணி நேரத்துல நாலு சாக்கு நிறைஞ்சுது. ரெண்டு சாக்கு அவங்க காருல, ரெண்டு சாக்கு எங்க வண்டியில. தேஜ்பூர் வந்து முனிசிபாலிட்டி தொட்டியில போட்டோம்.

ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. ரிஷிகேஷ் பக்கம் கங்கைக்கரை மணல் இப்படித்தான் கிடந்துச்சு. அப்புறம் வியாபாரக் கூடாரங்கள் வரிசை கட்டி, கரை தாங்காம, 2015 டிசம்பர்ல கௌடியாலா முதல் ரிஷிகேஷ் வரைக்கும் கரையில கூடாரம் போடறதைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடுத்துச்சு. ஓசியாக் கிடைக்கற கரைக்கு முடிவு ரெண்டுதான்: குப்பைமேடு ஆகும், இல்லைன்னா கயிறு கட்டிடுவாங்க. மூணாவது வழி கொகாவோட கூடை. அதுக்குக் கை பத்தல. அதனாலதான் இடத்தோட பேரை எழுதல. தேடிப் போய், ஊர்க்காரங்களைக் கேட்டுத் தங்கறவங்களுக்கு அது தானா கிடைக்கும்.

போறவங்களுக்கு, சுருக்கமா:

1. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் மட்டும். மேகம் இருந்தா, மேல மலையில மழைன்னு செய்தி வந்தா, போகாதீங்க.

2. ஊர்த்தலைவர்கிட்ட சொல்லுங்க. பாலுக்போங் தாண்டி அருணாச்சலத்துக்குள்ள போறதா இருந்தா இன்னர் லைன் பெர்மிட் வேணும்.

3. சருகு ஒதுங்கின கோட்டுக்கு மேல டென்ட். நடு ஆத்துத் திட்டுல எப்பவும் வேண்டாம். மூணு குச்சி, ஒரு டார்ச், முறை வெச்சு ஒரு ஆள்.

4. ஆத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி இருந்தாலும் தளதளன்னு கொதிக்க வெச்சுத்தான் குடிக்கணும்.

5. ஒதுங்கிக் கிடக்கற கட்டையை மட்டும் எரிங்க. கிளம்பும்போது தண்ணி ஊத்தி, கையை வெச்சுப் பார்த்து, சூடு இல்லைன்னா மட்டும் நகருங்க.

6. பழைய சேலை ரெண்டு, மண் கரண்டி ஒண்ணு, காலி சாக்கு ரெண்டு. சாக்கு ரெண்டுல ஒண்ணு உங்க குப்பைக்கு, இன்னொண்ணு உங்களுக்கு முன்னாடி வந்தவங்க குப்பைக்கு.

டிஸ்கி: எனக்கு மாத்தல் எப்ப வேணும்னாலும் வரலாம். அடுத்து தேஜ்பூருக்கு வர்ற நம்ம ஆள் யாராவது இதைப் படிச்சா, அந்தக் கரைக்குப் போகும்போது கொகாவுக்குக் கொஞ்சம் புளியோதரை எடுத்துட்டுப் போங்க. காரம் கம்மியா.